பவுடர் பால் கலக்க எந்தத் தண்ணீர்: போரா, ஒகேனக்கல்லா, கேனா? (தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்)

காரிமங்கலத்தான்

வணக்கம். எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். மூன்று மாதம் ஆகிறது. எடை குறைவாகப் பிறந்ததால் தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பவுடர் என்பதில் குழப்பம் இல்லை. அதை எந்தத் தண்ணீரில் கலப்பது என்பதில்தான் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

காரிமங்கலத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். வீட்டில் சொந்த போர் இருக்கிறது, நல்ல ஆழம், தண்ணீர் வாய்க்கு நன்றாகவே இருக்கும். தெருக்குழாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர் வரும், ஆனால் தினமும் வராது. கடையில் 20 லிட்டர் கேன் கிடைக்கிறது. "நீங்களெல்லாம் போர் தண்ணியில்தானே வளர்ந்தீங்க, காய்ச்சிக் கொடு போதும்" என்கிறார் அம்மா. மாமனார் கேன் வாங்கச் சொல்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி ஆர்.ஓ. மெஷின் மாட்டு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

மொரப்பூர் மல்லிகா

வாழ்த்துகள் தம்பி. ரெட்டைப் பிள்ளைக்காரர் தூங்குவதே பெரிய விஷயம், இதில் பஞ்சாயத்து வேறா!

தண்ணீர் எதுவாக இருந்தாலும் அது பவுடர் கலக்க மட்டும்தான். ஆறு மாதம் முடியும்வரை தனியாக ஒரு சங்கு தண்ணீர்கூட வேண்டாம். வெயில் காலத்தில் "நாக்கு வறண்டு போச்சு, ரெண்டு சொட்டு ஊத்து" என்று யாராவது நிற்பார்கள். தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், பவுடர் பாலும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பிள்ளைக்குத் தாகம் என்றால் அடிக்கடி பால் கேட்கும், அவ்வளவுதான். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்தி.

ஓசூர் குமரன்

ஆர்.ஓ. போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) வாங்கிக்கொள்ளுங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். 100க்குக் கீழே காட்டினால் குழந்தைக்குக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஏரியூர் செல்வி

எங்கள் பாட்டி தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீரில் போடுவார், கலங்கல் எல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரைக் காய்ச்சிச் செம்புச் சொம்பில் வைத்துக் கொடுத்தால் எந்த நோயும் வராது. மெஷின்காரனுக்கும் கேன்காரனுக்கும் எதற்குக் காசு?

தண்ணீர்க்காரன்

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே உள்ள நான்கு பேரில் மல்லிகா அம்மா சொன்னது அப்படியே சரி. மற்றதைக் கொஞ்சம் பிரித்துப் பேச வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

வேறு மாவட்டத்துக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் "காய்ச்சிக் கொடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு அது பாதிப் பதில்தான். காய்ச்சினால் கிருமி சாகும். நம் ஊர்ப் பாறைக்குள் இருந்து வரும், அளவு மீறினால் பல்லில் கறை விழவைத்து எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு சாகாது, ஆவியாகவும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும். ஒரு லிட்டரைச் சுண்ட வைத்து அரை லிட்டர் ஆக்கினால் ஃபுளோரைடு இரண்டு மடங்கு. "நல்லா சுண்டக் காய்ச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இங்கே தலைகீழாகப் போய்விடுகிறது.

இந்திய தரக் குறியீடு ஐ.எஸ். 10500 படி குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5. இந்த அளவுகளைப் பெரியவர்களும் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் குடிப்பதை வைத்துச் சொல்கிறார்கள். பால் கலக்கிக் கொடுக்கும் கைக்குழந்தையின் நிலைமை வேறு, ஏனென்றால் அதன் எடைக்கு அது குடிக்கும் தண்ணீர் மிக அதிகம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பவுடர் பால் மட்டுமே குடிக்கும் 5 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால் நாளைக்கு 750 மில்லி பால். அதில் தண்ணீர் கிட்டத்தட்ட 700 மில்லி. போர் தண்ணீரில் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் என்றால் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 1.4 மில்லிகிராம் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் முதல் ஆறு மாதத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 0.7. ஆக, இரண்டு மடங்கு. அதே போர் தண்ணீரைத் தாய் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவாகத்தான் வரும். காரிமங்கலத்தாருடைய குழந்தைகள் தாய்ப்பாலும் பவுடர் பாலும் கலந்து குடிப்பதால் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் பவுடர் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குத் தண்ணீர் முக்கியம்.

"நாங்களெல்லாம் அதில்தானே வளர்ந்தோம்" என்பதற்கு நான் சண்டை போட மாட்டேன். அம்மா தலைமுறையில் பவுடர் பால் எத்தனை வீட்டில் இருந்தது? தாய்ப்பால்தான். அன்றைக்குக் கிணறும் ஏரியும்தான். ஆயிரம் அடி போர் எல்லாம் பின்னால் வந்த கதை. பாறைக்குள் ஆழமாகப் போய், நீண்ட காலம் தங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கூடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

பாலக்கோடு பையன்

சார், எங்கள் போர் தண்ணீர் உப்பே இல்லை. இனிப்பாக இருக்கும். அதில் ஃபுளோரைடு இருக்குமா?

தண்ணீர்க்காரன்

இருக்கலாம் தம்பி. ஃபுளோரைடுக்குச் சுவை, மணம், நிறம் எதுவும் கிடையாது. இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் கூடிச் சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது, வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று ஊரே மெச்சும் போரில்தான் பல நேரம் ஃபுளோரைடு கூடுதலாக வரும். அதனால் நாக்கை நம்ப வேண்டாம்.

குமரன் சாருக்கு: டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. 300 டிடிஎஸ் தண்ணீரில் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் அது மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

ஓசூர் குமரன்

மீட்டர் சரி. ஆனால் ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும்தானே? அதையும் இல்லை என்பீர்களா?

தண்ணீர்க்காரன்

எடுக்கும். நல்ல நிலையில் உள்ள மெம்பரேன் (மெஷினுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு) 85 முதல் 95 சதவீதம் வரை எடுக்கும். வீட்டில் போடும் மெஷின்களில் இதற்கு அதுதான் நம்பகமான வழி. யு.வி. விளக்கு மட்டும் உள்ள மெஷின், கேண்டில் பில்டர், கரி பில்டர் எதுவும் இதைத் தொடாது.

ஒரு சிக்கலை மட்டும் யாரும் சொல்வதில்லை. நிறைய ஆர்.ஓ. மெஷினுக்குள் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் சர்வீஸ் பையன் அதைத் திருகிவிட்டுப் போவான். மெம்பரேனைத் தாண்டாத தண்ணீர் கொஞ்சம் அதன் வழியாக வந்து சுத்தத் தண்ணீரோடு கலக்கும். ருசி வரும், கூடவே ஃபுளோரைடும் வரும். போர் தண்ணீரில் ஆர்.ஓ. போட்டால் அந்தத் திருகை மூடச் சொல்லுங்கள். பிறகு மெஷினில் இருந்து வரும் தண்ணீரையே பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். மெம்பரேன் தேய்ந்த பிறகும் மெஷின் சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் தந்துகொண்டேதான் இருக்கும்.

ஓசூர் குமரன்

எங்கள் மெஷினில் அந்தத் திருகு இருக்கிறது. பார்த்துவிட்டேன். பாதி திறந்திருக்கிறது. 🤦

மத்தூர் மாமா

ஒகேனக்கல் திட்டம் வந்ததே ஃபுளோரைடுக்காகத்தானே! திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) தடுப்பு என்று இருக்கும். 2008 பிப்ரவரியில் அடிக்கல் வைத்தார்கள். அந்த வருடமே கர்நாடகாவில் எதிர்த்துக் கலாட்டா, சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம், அங்கே தேர்தல் முடியட்டும் என்று வேலையைத் தள்ளி வைத்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஜப்பான் கடனில் கட்டி 2013 மே மாதம் திறந்தார்கள். இத்தனை பாடுபட்டு வந்த தண்ணீரை விட்டுவிட்டுக் கேனுக்கு ஏன் போக வேண்டும்?

மொரப்பூர் மல்லிகா

மாமா, வந்தால் பிடிக்க மாட்டோமா? எங்கள் தெருவில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீர்க்காரன்

மத்தூர் மாமா சொன்னதுதான் என் பதிலும். காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. அதைச் சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். குழந்தைக்கு முதல் தேர்வு அதுதான். ஆனால் அது குழாயில் வரும்போது காவிரித் தண்ணீராகவே வருகிறதா என்று ஒரு தடவை விசாரிக்க வேண்டும்.

பல ஊர்களில் ஒரே மேல்நிலைத் தொட்டிதான். ஒகேனக்கல் தண்ணீர் போதாத நாளில் அதே தொட்டியில் ஊர் போர் தண்ணீரையும் ஏற்றி நிரப்புவார்கள். மக்களுக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்றுதான் செய்கிறார்கள், டேங்க் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் குழாயில் வருவது எல்லாம் ஒகேனக்கல் தண்ணீர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவரிடமே போய் "அண்ணே, எந்த நாள் ஒகேனக்கல் மட்டும் ஏத்துறீங்க?" என்று கேளுங்கள். இந்த மாவட்டத்தில் குழந்தைத் தண்ணீர் பற்றி மருத்துவருக்கு அடுத்து விஷயம் தெரிந்தவர் அவர்தான்.

காரிமங்கலத்தாருக்கு இப்போதைக்கு வேலை இது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் தர்மபுரியில் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் உண்டு. போர் தண்ணீர் ஒன்று, குழாய்த் தண்ணீர் வெவ்வேறு நாளில் இரண்டு, கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ரசாயனச் சோதனைக்குப் பிளாஸ்டிக் கேன்தான் எடுக்க வேண்டும், கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத் தளும்ப நிரப்பி மூடுங்கள். போரில் எடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபின் பிடியுங்கள். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் அதற்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்கி, எடுத்த அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

காரிமங்கலத்தான்

இத்தனை விளக்கமாக யாரும் சொன்னதில்லை சார். திங்கள்கிழமை போகிறேன். அதுவரை என்ன செய்ய? கேன் வாங்கவா?

தண்ணீர்க்காரன்

வாங்குங்கள். முடிவு வரும்வரை கேனைக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஊத்தங்கரை நர்ஸக்கா

நான் கிராம சுகாதார செவிலியர். கேனைப் பற்றி நான் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே ஐ.எஸ். 14543 என்ற எண்ணும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், தயாரித்த தேதியும் இருக்கிறதா பாருங்கள். மூடி சீல் உடையாமல் இருக்க வேண்டும். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கேன் வேண்டாம். குடத்தில் பிடித்து விற்கும் பிளான்ட் தண்ணீருக்கு இந்த எண் எதுவும் இருக்காது. அதில் ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது.

சீல் உடைக்காத கேன் என்றாலும் அது கிருமியே இல்லாத தண்ணீர் என்று அர்த்தம் ஆகாது. கைக்குழந்தைக்குக் காய்ச்சியே ஆக வேண்டும். கேன் மேல் மாட்டும் கை பம்ப் இருக்கிறதே, அதன் குழாயை ஒரு நாள் கழற்றிப் பாருங்கள். பாசி பிடித்திருக்கும். வீட்டில் அதைக் கழுவுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

காய்ச்சுவது என்றால் கொதி வந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும், போதும். சுண்ட வைக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். இனி பவுடர் கலப்பது. பவுடர் பால் டின்னுக்குள் கிருமியே இருக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அப்புறம் பவுடர். கரண்டியில் தலைதட்டி எடுக்க வேண்டும், கும்பாச்சியாக எடுக்கக் கூடாது. எத்தனை மில்லிக்கு ஒரு கரண்டி என்று டின்னில் போட்டிருப்பதை மட்டும் பாருங்கள், டின்னுக்கு டின் மாறும். கலந்த பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

டின் சீக்கிரம் தீர்கிறது என்று தண்ணீரைக் கூட ஊற்றிக் கலக்குகிற வீடுகள் இருக்கின்றன. விலை அப்படி, புரிகிறது. ஆனால் தண்ணீர் கூடினால் பிள்ளையின் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். தனியாகத் தண்ணீர் கொடுக்காதே என்று மல்லிகா அக்கா சொன்னதற்கும் இது ஒரு காரணம்.

பாட்டிலை விடப் பாலாடையோ சின்ன எவர்சில்வர் டம்ளரோ நல்லது. கழுவ எளிது. பாட்டில் நிப்பிளின் உள்பக்கம் எத்தனை பிரஷ் போட்டாலும் சந்தேகம்தான்.

ஏரியூர் செல்வி

உரை மருந்து? வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் உரைகல்லில் தண்ணீர் விட்டு உரசித்தானே கொடுக்கிறோம். அதற்கு எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லையே.

ஊத்தங்கரை நர்ஸக்கா

கேட்க வேண்டிய கேள்விதான் செல்வி. தண்ணீரும் பிரச்சினை, அந்தக் கல்லும் பிரச்சினை. அலமாரி மேலே தூசியோடு கிடந்த கல்லில் உரசி, ஆள்காட்டி விரலில் எடுத்து வாயில் தடவுகிறார்கள். ஆறு மாதம்வரை அதுவும் வேண்டாம் என்பதுதான் எங்கள் பேச்சு. எங்கள் வீட்டிலேயே இதற்குப் பெரிய சண்டை நடந்திருக்கிறது, மாமியார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தண்ணீர்க்காரன்

தேத்தாங்கொட்டை, முருங்கை விதை இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும், பாட்டி சொன்னது உண்மை. ஃபுளோரைடுக்கு அதை நம்ப முடியாது. செம்புச் சொம்பில் குழந்தைத் தண்ணீரோ பாலோ வைக்க வேண்டாம். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்ததற்கும் கைக்குழந்தைகளின் ஈரல் கெட்டுப்போகும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருப்பதை 1980களில் புனே பக்கம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் செம்பில் குடிக்கட்டும், அது வேறு. பிள்ளைக்கு எவர்சில்வர்.

ராயக்கோட்டை தக்காளி

எங்களுடையது தோட்டத்துக் கிணறு சார், ஆழம் அதிகம் இல்லை. அப்படியென்றால் ஃபுளோரைடு குறைவாக இருக்குமே, நாங்கள் தப்பித்தோமா?

தண்ணீர்க்காரன்

ஃபுளோரைடில் தப்பித்திருக்கலாம். கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது? யூரியா போடுகிற தோட்டம், மாட்டுக் கொட்டகை, எருக்குழி, கக்கூஸ் குழி?

ராயக்கோட்டை தக்காளி

கக்கூஸ் குழி தூரம். மற்ற மூன்றும் பக்கத்தில்தான்.

தண்ணீர்க்காரன்

அப்போது நைட்ரேட் பாருங்கள். உரத்தில் இருந்தும் சாணத்தில் இருந்தும் மண் வழியாக இறங்கிக் கிணற்றுக்கு வரும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையும் காய்ச்சி விரட்ட முடியாது. சுண்டினால் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பால் கலக்க எடுக்காதீர்கள்.

ஓசூர் குமரன்

ஓசூரில் எங்கள் கவலை வேறு. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள், பெங்களூர் சாக்கடைக் கொடை. அணைக்குப் பக்கத்தில் போர் வைத்திருக்கும் நண்பர் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

தண்ணீர்க்காரன்

வேண்டாம். அங்கே கழிவு எது எது கலந்திருக்கும் என்று வீட்டில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சாதாரணச் சோதனையிலும் எல்லாம் தெரியாது. ஒகேனக்கல் குழாய் இருந்தால் அது, இல்லையென்றால் நல்ல கேன்.

நெறியாளர்

இடையில் கேன் கம்பெனி பெயர்களைப் போட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். எந்த பிராண்ட் நல்லது, எது மோசம் என்று இங்கே எழுத வேண்டாம். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

காரிமங்கலத்தான்

சோதனை முடிவு வந்துவிட்டது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு 2.1. குழாய்த் தண்ணீர் ஒரு நாள் 0.6, இன்னொரு நாள் 1.4! டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். சார் சொன்ன மாதிரியேதான். ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வந்தால் போரையும் சேர்த்து ஏற்றுகிறாராம். கோபப்படவே இல்லை, "பாப்பாவுக்கா? ஒகேனக்கல் மட்டும் ஏத்துற நாளில் போன் பண்றேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார். நைட்ரேட் எல்லாவற்றிலும் அளவுக்குள்தான் இருக்கிறது.

அம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதே, அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

தண்ணீர்க்காரன்

அந்த வாடை அடிப்பது நல்ல சேதி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வாடையே இல்லாத குழாய்த் தண்ணீரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். காய்ச்சும்போது வாடை போய்விடும்.

பிடித்து வைப்பதில் கவனம். குழந்தைக்கென்று மூடி போட்ட எவர்சில்வர் டிரம் ஒன்று, அடியில் குழாய் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. சரியாக மூடாமல் வைத்தால் டெங்குக் கொசு முட்டையிடும். நாள் கணக்கில் வைத்த தண்ணீரில் குளோரின் போயிருக்கும், அதனால் கலக்கும்போதெல்லாம் புதிதாகக் காய்ச்சுங்கள். ஆபரேட்டர் சொல்லும் நாள்வரை டிரம் தாங்காவிட்டால் இடையில் கேன். இரட்டைப் பிள்ளைக்கு எப்படியும் இரண்டும் தேவைப்படும்.

மொரப்பூர் மல்லிகா

ஆறு மாதத்துக்கு அப்புறம் நிறையப் பேர் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். குடிக்கக் கேன் வாங்குவார்கள். கேழ்வரகுக் கஞ்சி போர் தண்ணீரில் காய்ச்சுவார்கள். பருப்பு போர் தண்ணீரில் வேகும், சாதம் குழைவதும் அதில்தான். ஆறு மாதத்துப் பிள்ளை தண்ணீராகக் குடிப்பது ஒரு நாளைக்கு 120 மில்லியோ 240 மில்லியோ. கஞ்சிக்குள் போவது அதைவிட அதிகம், அதுவும் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைத்தது. முளைகட்டிய கேழ்வரகை ஊறவைக்கிற தண்ணீர், அரைக்கிற தண்ணீர், காய்ச்சுகிற தண்ணீர் மூன்றும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

பாலக்கோடு பையன்

எனக்கும் முன்பல்லில் கறை இருக்கிறது. என் பையனுக்கு இப்போது ஒன்றரை வயது. இனி மாற்றினால் பயன் உண்டா, இல்லை போனது போனதா?

தண்ணீர்க்காரன்

நிச்சயம் உண்டு. பால் பல் விழுந்து முளைக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் பிறந்த சில மாதத்தில் இருந்தே ஈறுக்குள் உருவாக ஆரம்பித்துவிடும். முன்பற்களுக்கு முதல் மூன்று வருடம் முக்கியம், பின்னால் உள்ள பற்களுக்கு எட்டு வயதுவரைகூடப் போகும். விழுந்த கறை தானாகப் போகாது, ஆனால் உங்கள் பையனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்றே தண்ணீரை மாற்றுங்கள். ஃபுளோரைடு பேஸ்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அரிசி அளவு தடவினால் போதும், விழுங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அளவு மிக அதிகமான தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பிடித்துக்கொள்ளும், பிள்ளைகளுக்குக் கால் வளையும்.

ஊத்தங்கரை நர்ஸக்கா

வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் தண்ணீர் தேடித் தாமதிக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில், பொட்டலத்தில் போட்ட அளவுக்குக் கலக்குங்கள். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். அந்த நேரத்தில் கையில் போர் தண்ணீர் மட்டும் இருந்தால் அதையே காய்ச்சிக் கலக்கலாம். இரண்டு நாள் ஃபுளோரைடு ஒன்றும் செய்யாது, நீர்ச்சத்து வற்றினால்தான் உயிருக்கு ஆபத்து. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மில்லிகிராம், மேல் 20. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் நேரே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ராயக்கோட்டை தக்காளி

அக்கா, பெரியவள் அங்கன்வாடி போகிறாள். அங்கே சாப்பாடு செய்வது எந்தத் தண்ணீர் என்று எப்படிக் கேட்பது? டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?

ஊத்தங்கரை நர்ஸக்கா

டீச்சரிடம் கேட்டால் அவரும் "குழாயில் வருவதுதான்" என்பார், அவருக்கு வேறு என்ன தெரியும் பாவம். கிராம சபையில் கேளுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளுக்கும் இப்போது கிராம சபை உண்டு. உங்கள் ஊர்க் குடிநீர் எப்போது பரிசோதித்தார்கள், ஃபுளோரைடு எவ்வளவு, அங்கன்வாடிக்கு எந்தத் தொட்டித் தண்ணீர் போகிறது, இந்த மூன்றையும் எழுதியே கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். ஊராட்சிகளுக்குப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ராயக்கோட்டை தக்காளி

பெட்டி ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கிறதாம். சாவி செயலாளரிடம். நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.